தொடர்ந்து பார்க்க

கண்ணாடிக் கடையில் அவளுக்குப் பெயர் பவர் அக்கா. முன்னறையில் கண்ணைப் பரிசோதிப்பவர் சீட்டு எழுதுவார். அந்தச் சீட்டின்படி லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவது பின்னறையில் அவள் வேலை. மெஷினில் வைத்து பவர் பார்ப்பாள். நடுவில் சிவப்பு மையால் ஒரு புள்ளி வைப்பாள். புள்ளி இம்மியளவு தள்ளிப்போனால் போட்டுக்கொள்கிறவருக்குத் தலை வலிக்கும். எதனால் வலிக்கிறது என்று தெரியாமல் மனிதர் மாத்திரை தின்பார். அவள் கையிலிருந்து போன கண்ணாடி எதுவும் அப்படித் திரும்பி வந்ததில்லை. முதலாளிக்கு அதில் பெருமை. சம்பளத்தில் அந்தப் பெருமை தெரியாது.

அவளுடைய கணவர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் எல்லோருக்கும் அவர் லிஃப்ட்காரர். நல்ல மனிதர். யார் கூப்பிட்டாலும் போவார். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டில் கை வைத்திருக்கும்போது ஏதோ ஒரு கட்டடத்து வாட்ச்மேன் போன் செய்வார். இவர் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிடுவார்.

"முடியாதுன்னு ஒரு வார்த்தை இருக்கு, தெரியுமா?" என்று அவள் கேட்பாள்.

"உள்ள ஆள் மாட்டிட்டு இருக்காங்கம்மா."

"ஆமா. எந்த மாடியில பட்டன் அமுக்கினாலும் போய் நின்னுடுவீங்க. இந்த மாடிக்கு மட்டும் வேலை நிறுத்தம்."

அவர் சிரித்துக்கொண்டே செருப்பைத் தேடுவார். அவளும் சிரிப்பாள். அப்போதெல்லாம் அது வெறும் கேலிதான்.

அவளுக்கு ஒரு தங்கை. வீட்டில் சின்னவள் என்று சொல்வார்கள். இப்போது எதுவும் சொல்வதில்லை. அம்மா பெரியவளோடுதான் இருந்தாள். ஒரு வாரம் வைத்திருந்து அனுப்புகிறேன் என்று சின்னவள் வந்து கூட்டிக்கொண்டு போனாள். அங்கே போனதும் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போயிற்று. பெரியவள் தினமும் மதியம் கடையின் பின்னறையிலிருந்து போன் செய்தாள். "அம்மா தூங்குறாங்கக்கா" என்று சின்னவள் சொன்னாள். மறுநாளும் தூங்குகிறார்கள். அதற்கடுத்த நாளும். அம்மா பகலில் படுக்கவே மாட்டாள். அது பெரியவளுக்குத் தெரியும். தெரிந்தும் நம்பினாள். அம்மா அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தாள். எல்லாம் முடிந்த பிறகுதான் வேறு மாதிரி போன் வந்தது.

அன்றிலிருந்து தங்கையோடு பேச்சில்லை. லிஃப்ட்காரரும் அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. "நீ எந்தப் பக்கமோ நானும் அந்தப் பக்கம்" என்று அவள் தோளில் கை வைத்துச் சொன்னார். அந்த வருடங்களில் அவள் பிடித்துக்கொண்டு நின்றது அந்த ஒரு வாக்கியத்தைத்தான்.

ஓய்வு பெற்றதும் அவருக்குப் பொழுது போகவில்லை. வெளியூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மகள் ஒரு கறுப்புப் பெட்டி வாங்கிக்கொண்டு வந்தாள். நெட்வொர்க் டிரைவ். உள்ளே இரண்டு டிஸ்க்குகள். ஒன்று போனாலும் மற்றதில் இருக்கும். வீட்டிலுள்ள படங்கள், வீடியோக்கள் எல்லாவற்றையும் இதில் போட்டுவிட்டால் டிவியிலும் பார்க்கலாம், போனிலும் பார்க்கலாம், உலகத்தில் எங்கிருந்தும் பார்க்கலாம் என்றாள்.

"ஆளுக்கொரு கணக்கு போட்டுத் தரட்டுமா அப்பா?"

"எதுக்கு? மெஷின் ரூமுக்கு ஒரே சாவிதான். ஒண்ணே போதும்."

அலமாரியின் மேல் தட்டில் கிடந்த கேசட்டுகள், பழைய போன்களின் மெமரி கார்டுகள், ஒட்டிக்கொண்ட ஆல்பங்கள் எல்லாம் இறங்கின. பல மாதம் அவர் அதிலேயே கிடந்தார். கேசட்டை ஓடவிட்டு அது முடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். ஆல்பத்துப் படங்களை உறை கிழியாமல் உருவி ஸ்கேன் செய்வார். ஃபோல்டர்களுக்கு மாடிகளின் பெயர் வைத்தார். தரைத்தளம் அவருடைய அப்பா அம்மா. முதல் மாடி கல்யாணம். இரண்டாவது மாடியில் அவளுடைய அம்மா. மகளின் பள்ளிக்கூடம் மூன்றாவது. மொட்டைமாடி என்று ஒன்று வைத்து யார் என்று தெரியாத முகங்களை எல்லாம் அதில் ஏற்றினார். பெட்டி கூடத்து மூலையில் நீல விளக்கோடு முனகிக்கொண்டிருந்தது. காலையில் பல் விளக்கியதும் போய் அதன் தலையில் கை வைத்து சூடு பார்ப்பார்.

அவளுக்கு அந்தக் கட்டடத்தில் வேண்டியது ஒரே ஒரு வீடியோ. அம்மாவின் பழைய வீட்டைக் காலி செய்த நாளில் அவர் எடுத்தது. மூட்டைகளுக்கு நடுவே சுருட்டி வைத்த மெத்தையின் மேல் அம்மா உட்கார்ந்திருக்கிறாள். கண்ணாடி டம்ளர்களைச் செய்தித்தாளில் சுற்றி அட்டைப் பெட்டியில் வைக்கிறாள். சுற்றிக்கொண்டே பேசுகிறாள். கடைசியில் கேமராவுக்குப் பின்னாலிருந்து லிஃப்ட்காரர் விளையாட்டாக ஒரு கேள்வி கேட்கிறார். "ரெண்டு பொண்ணு இருக்கே, கடைசி வரைக்கும் யார்கிட்ட இருக்கப்போறீங்க?" அம்மா நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. "இதென்ன கேள்வி? பெரியவகிட்டதான். சின்னவகிட்ட இருந்தா தண்ணி கேட்டாக்கூட முறைப்பா." பிறகு சிரிப்பு. டம்ளர் கை தவறப் பார்க்கிறது, பிடித்துவிடுகிறாள். வீடியோ முடிகிறது.

கடை விடுமுறையன்று அவள் தனியாக உட்கார்ந்து அதைப் பார்ப்பாள். அந்தப் பதிலுக்காகப் பார்ப்பாள். முடித்ததும் வீடியோவின் மூலையில் பார்த்தாயிற்று என்று ஒரு டிக் விழும்.

ஒருநாள் டிவியைப் போட்டதும் முதல் வரிசையில் அம்மா இருந்தாள். அந்த வரிசைக்கு மேலே 'தொடர்ந்து பார்க்க' என்று எழுதியிருக்கும். பாதியில் நிறுத்திய படங்கள் அங்கே வரும். படத்துக்கு அடியில் ஒரு கோடு, எவ்வளவு தூரம் பார்த்தோம் என்று காட்டும். அவள் அதைப் பாதியில் நிறுத்துகிறவள் அல்ல.

"என்னங்க, அம்மா வீடியோ பாதியில நிக்குது?"

"மெஷினுக்கு ஏதோ ஆயிருக்கும்" என்றார் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல்.

அவள் முழுவதும் பார்த்து டிக் விழவைத்தாள். இரண்டு நாள் கழித்து மறுபடி வரிசையில் அம்மா. கோடு அதே இடத்தில். எங்கே நிற்கிறது என்று ஓட்டிப் பார்த்தாள். அவருடைய கேள்வி வருவதற்குக் கொஞ்சம் முன்னால். மெஷின் கெட்டால் ஒரே புள்ளியில் வந்து கெடாது. புள்ளிகளைப் பற்றி அவளுக்குத் தெரியும்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவள் கடைக்குப் போன பிறகு இவர் உட்கார்ந்து பார்க்கிறார். வாய்விட்டு எதையும் சொல்லாத மனிதர், மாமியாரைத் தனியாக உட்கார்ந்து பார்க்கிறார். தன் குரல் வரும் இடத்தில் கூச்சப்பட்டு நிறுத்திவிடுகிறார். அவள் சமையலறைக்குப் போய் குழாயைத் திறந்துவிட்டு கொஞ்ச நேரம் அழுதாள்.

சாப்பிடும்போது மெதுவாகக் கேட்டாள். "அம்மா வீடியோவ நீங்க பாப்பீங்களா?"

அவர் வாயில் இருந்ததை மென்று விழுங்கினார்.

"ம். எப்பவாவது பாப்பேன்."

அதற்குப் பிறகு வந்த மாதங்கள் அவர்களுக்குள் நல்ல மாதங்கள். காரணம் அவளுக்கு மட்டும் தெரியும். அவருடைய சட்டைகளை மறுபடி அவளே தேய்க்க ஆரம்பித்தாள். வாட்ச்மேன்கள் போன் செய்தால் கேலி செய்வதில்லை. பேருந்தில் வரும்போது வீட்டில் அந்தக் கோடு மறுபடி விழுந்திருக்குமா என்று யோசிப்பாள். விழுந்திருந்தால் இரவு அவருக்குப் பக்கத்தில் கொஞ்சம் நெருங்கி உட்காருவாள். கல்யாணமாகி இத்தனை வருடத்துக்குப் பிறகு ஒரு ஆளை இப்படிப் புதிதாகப் பிடிக்கும் என்று அவளுக்கே தெரியாது.

பிறகு அவருக்குக் கண்புரை. ஆபரேஷன் செய்து புது லென்ஸ் வைத்தார்கள். என்ன பவர் என்று டாக்டரிடம் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டாள். ஒரு வாரம் டிவி, போன் எதையும் பார்க்கக்கூடாது என்றார்கள். கண்ணுக்கு மேல் பிளாஸ்டிக் மூடி, அதற்கு மேல் கறுப்புக் கண்ணாடி. அந்தக் கண்ணாடியின் காதுப் பிடியை அவளே சூடு காட்டி வளைத்துக் கொடுத்தாள்.

"ஒத்தக் கண்ணால பாப்பீங்க நீங்க. உங்கள எனக்குத் தெரியாதா?" என்று டிவி ரிமோட்டைக் கைப்பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனாள். போனைப் பேசுவதற்கு மட்டும் விட்டுவைத்தாள். யார் கூப்பிடுகிறார்கள் என்று திரையில் அவருக்குத் தெரியாது; காதில் வைத்தால் மூடியில் இடிக்கிறது என்று எல்லா அழைப்பையும் ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார்.

ஆபரேஷன் முடிந்து சில நாள் கழித்து, சாயங்காலம் அவள் கடையிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தபோது மகள் கூப்பிட்டாள்.

"அப்பாவ டிவி பாக்க விடாதேன்னு சொன்னாங்களா இல்லையாம்மா?"

"ரிமோட் என் பையிலதான் இருக்கு. கடைக்கே எடுத்துட்டுப் போயிட்டேன்."

"ரிமோட்டையா?" மகள் சிரித்தாள். "வேலைக்கு டிபன் பாக்ஸ் எடுத்துட்டுப் போவாங்க. நீ ரிமோட். சரி, அப்ப இப்ப யாரு பாக்குறீங்க?"

"எத?"

"டிஸ்க் நல்லா இருக்கான்னு பாக்கலாம்னு இங்கேருந்து உள்ள போனேன். நம்ம டிரைவ்ல ஒரு வீடியோ ஓடிட்டு இருக்கு. அம்மாச்சி வீடு காலி பண்றது."

அவள் கூடத்துக்கு வந்தாள். டிவி கறுப்பாக இருந்தது. லிஃப்ட்காரர் நாற்காலியில் கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். அவருடைய போன் மேஜை மேல் சார்ஜில் கிடந்தது. மூலையில் பெட்டியின் விளக்கு படபடவென்று துடித்தது.

"யாரு பாக்குறா?"

"அப்பா பேர்லதான். ஆனா நம்ம வீட்டு நெட் இல்லம்மா, வெளிய எங்கயோ ஒரு போன். இரு. நிறுத்திட்டாங்க."

"எந்த இடத்துல?"

"எந்த இடத்துலன்னா?"

"வீடியோவுல எங்க நிக்குது?"

"டம்ளர பேப்பர்ல சுத்துறாங்கள்ல, அங்க. கடைசிக்குக் கொஞ்சம் முன்னாடி. ஏம்மா, பாஸ்வேர்ட யாராவது திருடிட்டாங்களா? மாத்திடட்டுமா?"

பெட்டியின் விளக்கு துடிப்பை நிறுத்திவிட்டு ஒரே சீராக எரிந்தது. லிஃப்ட்காரர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். துடைக்க அதில் எதுவும் இல்லை.

"வேண்டாம்" என்றாள் மகளிடம். "அப்பா யாருக்காவது பாக்கக் குடுத்திருப்பாரு. அவருக்குத்தான் ஊரெல்லாம் சிநேகிதம். நான் கேட்டுட்டு சொல்றேன்."

போனை வைத்தாள். அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்க்க, அந்தப் பதிலுக்கு முன்னால் நிறுத்த, உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் இருக்க முடியும்.

"எப்பருந்து?" என்றாள்.

அவர் எது என்று கேட்கவில்லை. அந்த மட்டில் மரியாதை.

"போன வருஷம் போன் பண்ணினா. அம்மா போட்டோ ஒண்ணு வேணும்னா. அவகிட்ட ஒண்ணுகூட இல்லயாம்."

"அம்மாவையே வச்சிருந்தவளுக்கு போட்டோ இல்லையாமா?"

"ஒண்ணு அனுப்பினேன். இன்னொண்ணு கேட்டா. தெனம் தேடித்தேடி அனுப்ப முடியல. அதான் அவ போன்லயே போட்டுக் குடுத்துட்டேன்."

"அவ போன்லயே. அப்ப வீட்டுக்குப் போனீங்க."

அவர் கறுப்புக் கண்ணாடியின் காதுப் பிடியைச் சரிசெய்துகொண்டார்.

"வாசல் மிதிக்க மாட்டேன்னு சொன்ன வீடு."

"உடம்பு முடியலன்னு உனக்குச் சொல்ல வேண்டாம்னு அம்மாதான் சொன்னாங்களாம். நீ பயந்துடுவேன்னு."

"அதையும் அவதான சொல்றா. அம்மா வந்து சொல்லப்போறாங்களா?"

அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினார். அவள் எதிரில் இருந்த முக்காலியில் உட்கார்ந்தாள். தங்கை பார்த்ததைக்கூட ஓரமாக வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேட்க வேண்டியது வேறொன்று இருந்தது. கேட்காமல் விட்டால் நல்லது என்றும் தெரிந்தது.

"நீங்க பாப்பீங்களான்னு நான் கேட்டேன். பாப்பேன்னு சொன்னீங்க."

"ஆமா."

"ஒரு தடவையாவது பாத்தீங்களா?"

அவர் யோசித்தார். பொய் சொல்லலாமா என்று யோசிப்பதுபோல இல்லை. உண்மையாகவே நினைவுபடுத்திப் பார்ப்பதுபோல இருந்தது.

"கேசட்லேருந்து ஏத்தும்போது பாத்தேன்."

"அப்புறம் ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"நீ சந்தோஷப்பட்டியே."

தான் தேய்த்து வைத்த சட்டைகள் அவளுக்கு நினைவுக்கு வந்தன. பேருந்தில் வந்த சாயங்காலங்கள் ஒவ்வொன்றாக வந்தன. அந்தக் கோட்டை விழவைத்தது அவள் பேசாத தங்கை. அதற்குப் பதிலாக அன்பை வாங்கிக்கொண்டது இவர். வாங்கும்போது ஒரு நாளாவது கை கூசியிருக்காதா?

"மாத்துங்க" என்றாள்.

"என்னத்த?"

"சாவிய. அவ இனிமே உள்ள வரக்கூடாது."

மறுப்பார் என்று எதிர்பார்த்தாள். பாவம் என்பார், அவளுக்கும் அம்மாதானே என்பார். அப்படி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் கத்தியிருப்பாள். கத்திவிட்டுக் கொஞ்சம் இறங்கியும் வந்திருப்பாள். அவர் போனை எடுத்து நல்ல கண்ணுக்கு அருகில் வைத்துக்கொண்டார். எல்லா இடத்திலிருந்தும் வெளியேறு என்று ஒன்று இருந்தது. அதை அமுக்கினார். புது பாஸ்வேர்ட் போட்டார்.

"ஆச்சு" என்றார். வாட்ச்மேனிடம் சொல்லும் அதே குரல்.

டிவியும் வெளியேறிவிட்டது. கைப்பையிலிருந்து ரிமோட்டை எடுத்தாள். அவர் எழுத்தெழுத்தாகச் சொல்ல, அவள் திரையில் ஒவ்வொன்றாகத் தேடி அமுக்கினாள். பார்ப்பவர்களுக்கு ஒற்றுமையான தம்பதி என்று தோன்றும். வரிசையில் அம்மா மறுபடி வந்து உட்கார்ந்தாள். அடியில் கோடு.

மேஜையில் போன் அடித்தது. அவர் பழக்கத்தில் ஸ்பீக்கரை அமுக்கிவிட்டார்.

"மாமா, கண்ணு எப்படி இருக்கு?"

சின்னவளின் குரல் தடித்திருந்தது. அம்மாவின் குரலுக்குப் பக்கத்தில் வந்திருந்தது. பெரியவள் ரிமோட்டைப் பிடித்தபடி அசையாமல் இருந்தாள். ஆபரேஷனும் தெரிந்திருக்கிறது.

"பரவால்லம்மா."

"அந்த அம்மா வீடியோ, மாமா. மறுபடியும் போட்டா பாஸ்வேர்ட் கேக்குது."

அவர் அவள் பக்கம் முகத்தைத் திருப்பினார். கறுப்புக் கண்ணாடியில் ஜன்னலும் அவளும் சின்னதாகத் தெரிந்தார்கள்.

"மெஷினுக்கு ஏதோ ஆயிடுச்சும்மா. பாப்பா வந்துதான் பாக்கணும்."

"சரி மாமா. அவசரம் இல்ல." அந்தப் பக்கத்தில் பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது. "அக்கா இருக்காங்களா?"

"தூங்குறா."

சாயங்கால வெளிச்சம் இன்னும் ஜன்னலை விட்டுப் போகவில்லை. அந்த நேரத்தில் அக்கா தூங்கமாட்டாள் என்று தங்கைக்குத் தெரியும். அந்தப் பக்கத்தில் பாத்திரச் சத்தம் நின்றது. ஒரு வார்த்தை போதும், நான் தூங்கவில்லை என்று. பெரியவளின் நாக்கு வரைக்கும் அது வந்தது. போன் அவள் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

"சரி மாமா, எழுப்பிடாதீங்க" என்றாள் சின்னவள்.

அழைப்பு முடிந்தது. அவர் போனைத் திருப்பி சார்ஜில் செருகினார். துளையைத் தடவிக் கண்டுபிடிக்க நேரமாயிற்று. அவள் உதவவில்லை.

"நீ பேச மாட்டேன்னுதான் அப்படிச் சொன்னேன்" என்றார்.

அவள் ரிமோட்டில் அமுக்கினாள். விட்ட இடத்திலிருந்து வீடியோ ஓடியது. அம்மா ஒரு டம்ளரை எடுத்து, செய்தித்தாளின் நடுவில் வைத்து, ஒரு மூலையை மடித்தாள். கேமராவுக்குப் பின்னால் ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். இளமையான, உற்சாகமான குரல். "ரெண்டு பொண்ணு இருக்கே" என்று அது ஆரம்பித்ததும் அவள் நிறுத்தினாள். பதிலுக்காக இத்தனை நாள் பார்த்தவள். இன்று அந்தக் கேள்வியைத் தாண்டிப்போக முடியவில்லை.

லிஃப்ட்காரருக்குக் கண் நன்றாக ஆறிவிட்டது. மூடியை எடுத்துவிட்டார்கள். பேப்பரின் பொடி எழுத்துகூட தெரிகிறது என்று எல்லோரிடமும் சொல்கிறார். காலையில் பெட்டியின் தலையில் கை வைத்து சூடு பார்க்கிறார். வாட்ச்மேன்கள் போன் செய்தால் போகிறார். சட்டைகளை அவரே தேய்த்துக்கொள்கிறார். டிவி ரிமோட்டை மட்டும் அவளிடம் கேட்பதில்லை.

கடையின் பின்னறையில், டிபன் பாக்ஸை எடுக்க அவள் கைப்பையைத் திறக்கும்போதெல்லாம் முதலில் கையில் தட்டுப்படுவது ரிமோட்தான்.